வழுவழுப்பான தரவின் மேல் எனக்குள்ள சந்தேகம்

சந்தை ஆய்வு என் தொழில். கள ஆய்வின் முதல் நாள் தரவு கைக்கு வந்ததும் நான் முதலில் திறந்து பார்ப்பது வயது நெடுவரிசையைத்தான். எந்த பிராண்டு முன்னணியில் இருக்கிறது, புதிய பொட்டலத்தை எத்தனை பேர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நம் ஊரில் வாசலில் நின்று வயதைக் கேட்டால், குறிப்பாக நடுவயதைத் தொட்டவர்கள், "ஒரு நாப்பது இருக்கும்", "நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கம்மா" என்றுதான் சொல்வார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் ஜாதகத்தில் இன்னொன்றுமாக வளர்ந்த தலைமுறை அது. ஆகவே ஒழுங்காக நடந்த ஆய்வில் 30, 35, 40, 45 ஆகிய எண்களில் மேடு தட்டியிருக்கும்; 31இலும் 39இலும் பள்ளம் விழுந்திருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்த மேடுபள்ளம் உண்டு. அதை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்று ஒரு கணக்கு மக்கள்தொகையியலில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த 60 நேர்காணல்களில் வயதுகள் 27, 31, 34, 38, 42 என்று அழகாகப் பரவியிருந்தன. அந்த அழகுதான் உறுத்தியது. அடுத்ததாக "தெரியாது" என்ற பதிலை எண்ணிப் பார்த்தேன். 60 பேரில் ஒருவர்கூட எந்தக் கேள்விக்கும் அதைச் சொல்லியிருக்கவில்லை. காப்பீட்டைப் பற்றிய ஆய்வில், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பேக்-செக் என்று நாங்கள் சொல்லும் மறுசரிபார்ப்புக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஊரிலேயே வசிக்கவில்லை. தங்களை யாரும் வந்து பார்க்கவும் இல்லை என்றார்கள். நேர்காணலாளர் ஒரு டீக்கடை பெஞ்சில் அமர்ந்து 60 குடும்பங்களைத் தாமே படைத்திருந்தார். படிவங்களை எல்லாம் நீக்கிவிட்டு அந்த ஊரில் மீண்டும் களப்பணி செய்தோம். ஆனால் தவறு அவருடையது மட்டும்தான் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. 48 நிமிடம் ஓடும் கேள்வித்தாளை எழுதியது நாங்கள்; ஒரு நாளைக்கு ஐந்து முடிக்க வேண்டும் என்று சொன்னது நாங்கள்; நாட்கூலியாக அல்லாமல் முடித்த நேர்காணலுக்கு இவ்வளவு என்று பேசியதும் நாங்களே.

சந்தை ஆய்வில் என்ன புதிது, எந்த மென்பொருளைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று அண்மையில் என் அக்கா மகன் கேட்டான். புள்ளியியல் முடித்திருக்கிறான், இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறான். அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உண்மையான மனிதர்களிடமிருந்து வந்த பதில்கள் சொரசொரப்பாக இருக்கும்; எங்கள் தொழிலில் இப்போது புகுந்திருக்கும் புதுமைகளில் பல, அந்தச் சொரசொரப்பை இழைத்து வழுவழுப்பாக்கித் தருபவை.

இதற்கு முதல் சான்று எங்கள் மொழியிலேயே இருக்கிறது. மும்பையிலோ குருகிராமிலோ ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்வித்தாள் தமிழுக்கு வரும்போது, வாங்கும் எண்ணத்தைக் கேட்கும் ஐந்து படிகளில் நாலாவது படி "அநேகமாக வாங்குவேன்" என்று ஆகிறது. தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் எந்த அம்மாவும் "அநேகமாக வாங்குவேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "வாங்கலாம்" என்பார்கள், "வாங்கிப் பாக்கணும்" என்பார்கள், "பாக்கலாம்" என்பார்கள். இவை மூன்றும் ஒன்றல்ல. "வாங்கிப் பாக்கணும்" என்பதில் ஆவல் இருக்கிறது. "வாங்கலாம்" என்பதில் தடையில்லை, அவ்வளவுதான். "பாக்கலாம்" என்பது பெரும்பாலும் வீடு தேடி வந்தவரின் மனம் நோகாமல் சொல்லும் மறுப்பு. பெண் பார்க்கப் போனவர்கள் வெளியே வந்து "பாக்கலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். கையடக்கக் கணினியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேர்காணலாளர், அவசரத்தில் மூன்றையும் 4 என்று தட்டிவிட்டால், மேல் இரண்டு படிகளைக் கூட்டிச் சொல்லும் வழக்கப்படி மூவருமே வாங்கப் போகிறவர்களாகக் கணக்கில் ஏறிவிடுகிறார்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், வேலூர்ப் பக்கம் ஒரு தெருவில் சோப்பு ஆய்வுக்காக மாதிரிச் சோப்பைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து மீண்டும் போனேன். "உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத" என்று மோர் கொடுத்துவிட்டு, சோப்பு எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அந்த அம்மா, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். உடன் வந்த மேற்பார்வையாளர், வாசல் தாண்டியதும் என்னை நிறுத்தி, "நல்லா இருக்குன்னு சொன்னாங்களா, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். திரும்ப உள்ளே போய், "ஆனா?" என்று ஒரே ஒரு சொல்லைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். சோப்பு சீக்கிரம் கரைந்துவிடுகிறது, ஒரு வாரத்துக்கு வர வேண்டிய சோப்பு நாலு நாளில் தீர்ந்துவிட்டது, இனாமாகக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று சும்மா இருந்தேன் என்றார் அவர். அந்த ஒரு "தான்" தான் அந்த ஆய்வின் முடிவு. இரண்டு கேள்வித்தாள் பக்கங்களில் வராத செய்தி ஓர் இடைச்சொல்லில் இருந்தது.

இன்று அந்த உரையாடல் ஒலிப்பதிவாகி, தானாக எழுத்தாகி, ஆங்கிலத்துக்கு மாறி, நேர்மறை உணர்வு என்ற வண்ணப்பட்டையோடு என் திரைக்கு வருகிறது. நான் சோதித்துப் பார்த்த கருவிகளில் "நல்லாத்தான் இருக்கு" என்பது பெரும்பாலும் நல்லது என்றே போய்ச் சேருகிறது. கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 3,000 பேரின் திறந்தநிலைப் பதில்களை வகைப்படுத்த முன்பு நாலைந்து பேர் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தோம். இப்போது முதல் வரைவு ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது, அதுவும் மோசமாக இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் எங்களுக்குச் சும்மா போகவில்லை. வரி வரியாகப் படித்ததால்தான், ஒரு சொல் எந்த ஊரில் எந்தப் பொருளில் வருகிறது என்று எங்களுக்குப் பழகியது. இன்றைய இளைஞர்கள் அந்த ஒரு வாரத்தைப் பெறாமலேயே அறிக்கை எழுத வந்துவிடுகிறார்கள்.

குடும்பங்களின் வகைப்பாட்டிலும் இதே கதைதான், ஆனால் இது மொழியைவிடச் சிக்கலானது. இந்தியாவில் ஒரு நகரக் குடும்பம் எந்தச் சமூகப் பொருளாதாரப் படிநிலையைச் சேர்ந்தது என்று சொல்ல, 1980களிலிருந்து குடும்பத்தின் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் தொழிலையும் கல்வியையும் வைத்துக் கணக்கிட்டார்கள். பிறகு 2011இல் என்.சி.சி.எஸ். என்ற புதிய முறை வந்தது. தொழிலை விட்டுவிட்டு, கல்வியையும், 11 பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்ற எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டது. மின் இணைப்பு, கூரை மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இரு சக்கர வண்டி, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கணினி அல்லது மடிக்கணினி, கார், ஏசி, விவசாய நிலம் ஆகியவையே அந்தப் பதினொன்று. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தால் ஏ1 முதல் இ3 வரை 12 படிகளில் ஒன்று கிடைக்கும். கேட்பதற்கு எளிது, நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே அளவுகோல், நேர்காணலாளரின் சொந்தக் கணிப்புக்கு இடம் குறைவு. வந்தபோது நானும் வரவேற்றேன்.

சிக்கல் தமிழ்நாட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அரசு மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. இரண்டும் அந்தப் பதினொன்றில் உள்ள பொருள்கள். கேள்வியோ, வீட்டில் இருக்கிறதா என்பதுதான். எப்படி வந்தது என்பதல்ல. ஆகவே விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் ஒரு தாயின் ஓட்டு வீடு, மகளுக்கு மடிக்கணினி கிடைத்த அன்று, வருமானம் ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே படிநிலையில் ஏற வாய்ப்பு இருந்தது. மிக்ஸியும் கிரைண்டரும் பட்டியலில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு, எரிவாயு அடுப்பின் வழியாக இதே ஏற்றம் நாடு முழுவதற்கும் வந்தது. சமூகநலத் திட்டங்களின் வெற்றியை எங்கள் அறிக்கைகள் நுகர்வோரின் வாங்கும் திறனாக மொழிபெயர்த்துக் கொண்டிருந்தன. விளம்பரதாரர் "மேல்தட்டு வளர்ந்திருக்கிறது" என்று படித்துவிட்டு விலை உயர்ந்த பொட்டலத்தைக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரர் அதை மேல் அலமாரியில் தூசி படிய வைப்பார்.

வாசலில் நடப்பது இன்னும் வேடிக்கை. "ஃபிரிட்ஜ் இருக்கும்மா, ஆனா ஓடாது; துணி வச்சிருக்கோம்" என்று ஒருவர் சொன்னார். ஓடாத குளிர்சாதனப் பெட்டியை எண்ணக் கூடாது என்பது விதி. ஆனால் வந்திருப்பது நியாயவிலைக் கடைப் பட்டியலுக்கான ஆளோ என்ற ஐயத்தில் வண்டியை மறைப்பவரும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார் என்பதற்காக இல்லாத ஏசியைச் சொல்பவரும் உண்டு. இந்தியச் சந்தை ஆய்வுச் சங்கம் அண்மை ஆண்டுகளில் ஐ.எஸ்.இ.சி. என்ற அடுத்த முறையைக் கொண்டுவந்து, பொருள்களை அடியோடு நீக்கிவிட்டது. முதன்மை வருவாய் ஈட்டுபவரின் தொழில், வீட்டில் மிக அதிகம் படித்த ஆணின் கல்வி ஆகியவற்றோடு, மிக அதிகம் படித்த பெண்ணின் கல்வியையும் இப்போது கேட்கிறோம். இந்த மூன்றாவது கேள்வியை எழுதச் சொன்னவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். கணவன் எட்டாம் வகுப்பு, மனைவி பட்டதாரி என்ற வீடு எந்தப் பால் பொடியை வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது எட்டாம் வகுப்பு அல்ல என்பது, சமையலறைப் பக்கம் நின்று பேசிய எந்த நேர்காணலாளருக்கும் முன்பே தெரியும். தொழிலைக் கேட்பது பழையபடி தொல்லைதான். "சொந்தமா பண்றாரு" என்ற பதிலுக்குள் இஸ்திரிப் பெட்டி வண்டியும் இருக்கும், ஏற்றுமதி நிறுவனமும் இருக்கும். குறைந்தது மூன்று துணைக் கேள்வியாவது கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பக் கூடாது.

சதவீதத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பிழைவரம்பு போடுகிறோம். 400 பேரைக் கேட்டால் ஏறக்குறைய 5 புள்ளி முன்னும் பின்னும். அதைப் பாதியாக்க 1,600 பேரைக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே கற்றுக்கொண்டு விட்டார்கள். ஆனால் அது கூறெடுப்பினால், அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்து கேட்பதால், வரும் பிழை மட்டுமே. வாசலில் நேரும் பிழைக்கு எந்த அறிக்கையிலும் குறியீடு கிடையாது. வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் ஓர் அட்டவணை வகுத்தார். இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். அட்டவணை திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போயிருக்கும் மகனைக் காட்டும். வாசலில் நிற்பதோ தாய். மகன் வரும் நேரத்தில் இரண்டு முறை, மூன்று முறை திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. பகல் 11 மணிக்குக் கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டு நடையைக் கட்டுவது மனித இயல்பு. அப்படி நடந்ததும் தரவு கெட்டுப்போனதாகத் தெரியாது, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்.

இந்தப் பிழையை அளக்கும் வழி நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பளவை மதிப்பிடப் புறப்பட்ட புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ், ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் கூறுகளை எடுத்து, இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டார். கூறெடுப்பினால் வரக்கூடிய அளவுக்கு மேல் விடைகள் விலகினால், எங்கோ ஆட்களிடம் பிழை இருக்கிறது. பின்னாளில் தேசிய மாதிரி ஆய்விலும் இந்த முறை இடம்பெற்றது. தனியார் சந்தை ஆய்வில் இதைச் செய்ய யாரும் பணம் தருவதில்லை. நான் மட்டும், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம், ஒரு ஊரை இரண்டு மேற்பார்வையாளர்களுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இருவரின் எண்களையும் யாருக்கும் சொல்லாமல் ஒப்பிட்டுப் பார்ப்பேன். கூடுதல் செலவு எதுவும் இல்லை. தெரிந்துகொண்டது நிறைய.

காகிதம் போய்க் கையடக்கக் கணினி வந்தபோது இந்தக் கவலையெல்லாம் தீரும் என்றார்கள். ஓரளவு தீர்ந்தது. இருப்பிடக் குறியீடு இருப்பதால் டீக்கடை பெஞ்சில் 60 நேர்காணல் நடத்த முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி ஆனது என்று தெரிவதால், 48 நிமிடக் கேள்வித்தாளை 11 நிமிடத்தில் முடித்தவர் அன்று மாலையே சிக்குவார். ஆனால் ஒலிப்பதிவு நடக்கிறது என்று ஒப்புதல் கேட்டதும் பேசுபவரின் குரல் மாறிவிடுகிறது. கேட்காமல் இருக்க முடியாது, கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே எங்கள் தொழில்நெறி அதைச் சொல்லியிருக்கிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்குமாடிகளிலோ காவலாளியைத் தாண்டி உள்ளே போவதே கடினம். ஆகவே மேல்தட்டுக் குடும்பங்களை அறிமுகத்தின் பேரில் தேடுகிறோம், தேடித் தேடி அதே குடும்பங்களிடம் போய் நிற்கிறோம். ஒரு குழு விவாதத்துக்கு வந்த பெண்மணி, நான் பேசத் தொடங்குமுன் தாமாகவே, "ஆறு மாசமா எந்த மீட்டிங்கும் போகலை, எங்க வீட்டுல யாரும் விளம்பரக் கம்பெனியில இல்ல" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தகுதிக் கேள்விகளை எங்களைவிட அவர் நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்.

இணையவழிப் பதிலாளர் குழுக்களில் இதுவே பெருவணிகம். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை, போலிப் பதில்களை உண்மையான ஆய்வுத் தரவாக விற்றதாக 8 பேர் மேல் குற்றம் சாட்டியது. வழக்கில் சொல்லப்பட்ட தொகை சுமார் 1 கோடி டாலர். எங்கள் வட்டாரத்தில் பலர் அதிர்ச்சி அடைந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அந்த வியப்பு இல்லை. பதிலுக்குச் சில ரூபாயும், தரவுக்கு அடிமாட்டு விலையும், நாலு நாள் கெடுவும் கொடுத்துவிட்டு, வருவது யார் என்று கேட்காமல் இருந்தவர்கள் நாங்கள்.

இப்போதைய பேச்சு, மனிதர்களையே கேட்க வேண்டாம் என்பது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கு வயது, ஊர், படிப்பு ஆகியவற்றைக் கொடுத்து, அந்த ஆளாக நின்று பதில் சொல்லச் செய்கிறார்கள். செயற்கைப் பதிலாளர் என்று பெயர். கேள்வித்தாளைக் களத்துக்கு அனுப்பும் முன் ஒத்திகை பார்க்க இது பயன்படுகிறது. குழப்பமான கேள்வி எது, விடுபட்ட விருப்பத்தெரிவு எது என்று சட்டெனக் காட்டிவிடுகிறது. நானும் பயன்படுத்துகிறேன். களத்துக்கு மாற்றாக வைக்கும்போதுதான் என் பழைய சந்தேகம் எழுகிறது. இந்த ஆண்டு ஒரு சாம்பார்ப் பொடிக்காக இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சராசரிகள் ஏறக்குறைய ஒத்துப்போயின. வாடிக்கையாளரின் இளம் மேலாளர் மகிழ்ந்துபோனார். நான் பரவலைப் பார்த்தேன். உண்மைப் பதில்களில் 1 கொடுத்தவர்களும் 5 கொடுத்தவர்களும் இரண்டு ஓரங்களிலும் கூட்டமாக நின்றார்கள். செயற்கைப் பதில்களோ 3க்கும் 4க்கும் நடுவில் மரியாதையாக நெருங்கி உட்கார்ந்திருந்தன. எரிச்சலோடு கதவைச் சாத்துபவர் அங்கே யாரும் இல்லை. டீக்கடை பெஞ்சில் பிறந்த அந்த 60 பேரின் சாயல் எனக்குத் தெரிந்தது.

நல்ல சாம்பார்ப் பொடி எப்படி இருக்க வேண்டும் என்ற திறந்த கேள்விக்குச் செயற்கைப் பதிலாளர்கள் மணம், சுவை, தரமான பொருள்கள், நியாயமான விலை என்று நூறு விதமாக ஒன்றையே சொன்னார்கள். திருநெல்வேலியில் ஒரு பெண்மணி, "பொட்டலத்தப் பிரிச்சா அடுத்த வீட்டுக்குத் தெரியணும், குழம்புல போட்டா எங்க மாமியாருக்குத் தெரியக் கூடாது" என்றார். கடையில் வாங்கிய பொடி என்று மாமியாருக்குத் தெரியக் கூடாதாம். மணம் வேண்டும், ஆனால் கடை மணம் வேண்டாம். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டுதான் பிறகு நாங்கள் கேள்வித்தாளையே மாற்றி எழுதினோம்.

அக்கா மகனிடம், ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகளைக் கற்றுக்கொள், அவை இல்லாமல் இன்று வேலை கிடைக்காது என்று சொன்னேன். அதோடு, முதல் ஆறு மாதம் களத்துக்கு அனுப்பும் நிறுவனத்தில் சேர் என்றேன். அப்படிப்பட்ட நிறுவனங்கள் குறைந்து வருகின்றன. பலர் நேராகத் திரைக்கு முன் உட்காரவைத்து விடுகிறார்கள். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "வெயில்ல வீடு வீடா அலையணுமா சித்தி?" என்றான். திங்கட்கிழமை திண்டுக்கல்லில் ஓர் ஆய்வு தொடங்குகிறது; 12 தெருக்களின் தொடக்க முகவரிகள் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. மேற்பார்வையாளரோடு இரண்டு நாள் சுற்றிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் அவன் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.